தனக்கொடி வைத்த ரசம்

பிரெஞ்சுக் கொடி இறங்கிய அடுத்த பங்குனியில் தெய்வசிகாமணிக்கு வயிற்றுவலி தொடங்கியது. ஆடியில் வலது மணிக்கட்டு தொங்கிப்போனது. பத்திரம் பதிகிற நொத்தேர் ஆபீசில் நகலெடுக்கிற கை அது. பேனா பிடியில் நிற்கவில்லை. ஐப்பசிக்குள் கை வராவிட்டால் வேறு ஆள் என்று நொத்தேர் சொல்லிவிட்டார்.

வயிற்றுக்கு ஒருவர் சூரணம் கொடுத்தார். கைக்கு ஒருவர் எண்ணெய் கொடுத்தார். தூங்காமல் எரிந்து விழுகிறாரே என்று கருவடிக்குப்பத்தில் ஒருவர் கயிறு மந்திரித்துக் கட்டினார். தெய்வசிகாமணியின் மனைவி தனக்கொடி மூன்றையும் விடாமல் செய்தாள். தன் பங்குக்கு மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுப் புளிரசம் வைத்து, வேளைக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். சோறு இறங்காத நாளிலும் அவர் அதை மிச்சம் வைத்ததில்லை.

கடைசியில்தான் டாக்டர் மிஷேலைக் கூப்பிட்டாள். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்து டாக்டராக இருந்து பென்ஷனோடு சொந்த ஊர் திரும்பியவர். அவர் வயிற்றை அமுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வயித்தை ஒருத்தர், கையை ஒருத்தர், தூக்கத்தை ஒருத்தர் பாத்தாச்சு. ஆள் ஒருத்தர்தானேம்மா? காலையிலேர்ந்து சொல்லுங்க. எல்லாத்தையும்."

"எல்லாத்தையும்னா?"

"எப்ப ஏந்திரிக்கிறாரு, என்னா சாப்பிடறாரு, எதுக்குச் சண்டை போடறாரு."

"சண்டைக்கு ஒண்ணும் வாணாம் முசே. நான் எதிர்ல நின்னாப் போதும்."

கட்டிலில் சுருண்டு கிடந்த தெய்வசிகாமணி வலியோடு சிரித்தார்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். டாக்டர் பாதியில் நிறுத்தினார்.

"ரசம் நீங்க குடிக்கறதில்லையா?"

"அவருக்கே பத்தல."

டாக்டர் எழுந்து தெய்வசிகாமணியின் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறோரம் நீலக்கோடு. வெற்றிலைக் கறை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"எதுல வைக்கிறீங்க?"

அடுக்களைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஈயச் சொம்பு. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில், தரைக்கடையில் வாங்கியது. ரசம் வைக்க ஈயச் சொம்புபோல் வராது என்று அவளுக்குத் தெரியும். தினமும் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். காலையில் வைத்த ரசம் அதில் பாதி இருந்தது.

டாக்டர் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துச் சொம்பின் விளிம்பில் வைத்து இழுத்தார். பென்சில் போட்டதுபோல் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

குரலைத் தாழ்த்தினார். "நல்ல ஈயம் இப்படிக் கோடு போடாதும்மா. இது காரீயம். புளி பட்டாக் கரையும். விஷம்."

அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வலி கூடக்கூட அவள் ரசத்தையும் கூட்டியிருந்தாள். ஒரு டம்ளரை இரண்டாக்கினாள். முந்தாநாள், அவர் துடித்தபோது, தலையை மடியில் வைத்து மூன்றாவது டம்ளர் புகட்டினாள்.

"நான்தான் ஊத்தினேன்" என்றாள். குரல் கட்டில்வரை போகவில்லை.

"நிறுத்தினா வலி போவும். கை வர மாசக்கணக்கா ஆவும். வந்தா..." என்றார் டாக்டர்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஏ தனக்கொடி, முசேக்கு ஒரு டம்ளர் ரசம் குடு. லேசா ஒரு தித்திப்பு இருக்கும் முசே. வேற எவ கைக்கும் வராது. எனக்கும் கொஞ்சம் கொண்டா."

தனக்கொடி சொம்பைத் தூக்கிப்போய்ப் பின்கட்டுச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"ரசம் தீந்துபோச்சு" என்றாள்.

"காலைலதான வச்ச?"