மூடியிடம் கேட்ட சம்பளம்

ஆபீசர் என்றதும் ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். முப்பத்தைந்து வயதில் குழாய் வேலை கற்றுக்கொள்ள வந்தவர், முதல் நாள் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். அந்தக் குற்றத்துக்காகக் கம்பெனி வேன் டிரைவர் வைத்த பெயர் அது. அன்று சாயங்காலத்துக்குள் சட்டை சாக்கடையில் முங்கித் தன் ஜென்மத்தை முடித்துக்கொண்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்னால் அவர் நிஜமாகவே ஓர் ஆபீசில்தான் இருந்தார். காப்பீட்டுக் கம்பெனியில் குமாஸ்தா. கிளையை மூடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட சமயம் பார்த்து வீட்டுக் குளியலறையில் குழாய் ஒழுகியது. ஒரு பிளம்பர் வந்தார், குனிந்தார், எதையோ இரண்டு திருகு திருகினார், நிமிர்ந்தார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வாங்கிக்கொண்டு போனது ஆபீசருடைய ஒரு நாள் சம்பளம்.

ஆபீசர் உடனே கால்குலேட்டரை எடுத்தார். பத்து நிமிஷத்துக்கு இவ்வளவு என்றால் மணிக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு என்று தட்டிக்கொண்டே போனார். வந்து விழுந்த எண்ணைப் பார்த்து அவருக்கே மூச்சு அடைத்தது. இத்தனை வருஷம் நாம் முட்டாளாக இருந்துவிட்டோம் என்று மனைவியிடம் சொன்னார். அந்த 'நாம்' என்பதில் தனக்குப் பங்கில்லை என்று அவள் நினைத்திருக்கலாம், சொல்லவில்லை. அந்த ஆளுக்குத் தினமும் எத்தனை வீட்டில் குழாய் ஒழுகும், வண்டிச் செலவு யாருடையது என்று மட்டும் கேட்டாள். இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை என்று ஆபீசர் கையை வீசிவிட்டார். மகா மேதை!

கிளையை மூடினார்கள், ஆபீசர் ஒரு குழாய் வேலைக் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தார். முதல் மாதச் சம்பளக் கவரைப் பிரித்ததும், யாருக்கோ போக வேண்டிய முன்பணம் கை மாறி வந்துவிட்டது என்று நினைத்து, யோக்கியமாகத் திருப்பிக் கொடுக்கப் போனார். அதுதான் சம்பளம் என்றார்கள். பயிற்சி ஆளுக்கு எல்லா இடத்திலும் அவ்வளவுதான், லைசென்ஸ் கைக்கு வந்தபிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். கட்டடத்து வாசலில் நாற்காலி போட்டுத் தூங்குகிற காவலாளிக்கு அதைவிடக் கூட. அவரிடம் தூங்குகிற திறமையாவது இருக்கிறது, என்னிடம் என்ன இருக்கிறது என்று ஆபீசர் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். கூடச் சேர்ந்த இன்னொரு பயிற்சி ஆள், அவர் வயதில் பாதிகூட ஆகாத பெண். எந்தச் சந்திலும் நுழைந்து வெளியே வருவாள் என்பதால் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். ஆபீசருக்கும் சுண்டெலிக்கும் ஒரே சம்பளம். இத்தனைக்கும் வேலையில் அவள் ஒரு ஆள், இவர் அரை ஆள்.

இதில் சிரிக்க முடியாத ஒரு சங்கதி உண்டு. மனைவி ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் காலை ஷிஃப்ட் பார்த்துவந்தாள். பயிற்சிச் சம்பளத்தில் வாடகைகூடத் தேறாது என்று தெரிந்த மாதமே, மாலையில் இஸ்திரி போடுகிற ஷிஃப்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை குத்திப் பேசினதில்லை. வீங்கின காலோடு வந்து, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். திட்டியிருந்தால்கூட ஆபீசர் தாங்கியிருப்பார். லைசென்ஸ் வந்த அன்றைக்கு உன் ரெண்டாவது ஷிஃப்டுக்கு முழுக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குப் பயிற்சிச் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும். ஒரு பிசிறு குறைந்தாலும் அவள் இஸ்திரிப் பெட்டியை விட முடியாது.

மூன்று வருஷம் கழித்து லைசென்ஸ் வந்தது. சுண்டெலிக்கும் அதே நாளில் வந்தது. இனி கம்பெனி முதலாளியம்மா சம்பளம் பேச வேண்டும்.

முதலாளியம்மா சம்பளம் பேசுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வேலை நடக்கிற இடத்திலேயே ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். எவ்வளவு வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்பார். சொன்னதும் தொண்டையைச் செருமி, "பார்ப்போம், பார்ப்போம்" என்று வெட்ட ஆரம்பிப்பார். அதனால் வேன் டிரைவர் ஆபீசருக்குப் பாடம் நடத்தினார். இரண்டு மடங்கு கேட்க வேண்டும், கண்ணை இமைக்கக் கூடாது, அந்த அம்மா வெட்டி வெட்டி ஒன்றரையில் வந்து நிற்பார். இவ்வளவுதான் விஷயம். ஆனால் காப்பீட்டுக் கம்பெனியில் பதிமூன்று வருஷம் இருந்தும் ஒருமுறைகூடச் சம்பள உயர்வு கேட்காத ஆத்மாவுக்கு அது மலையைப் புரட்டுகிற வேலை.

எனவே ஆபீசர் ஒத்திகை பார்த்தார். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

மூன்று மாடிக் கட்டடம். ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குளியலறைகள். எல்லாவற்றுக்கும் பொதுவாக மேலிருந்து கீழே நேராக இறங்குகிற ஒரே கழிவுக்குழாய். வேலை முடியாத குழாயின் வாயைத் திறந்து போடக் கூடாது, டீ குடிக்கப் போனாலும் பிளாஸ்டிக் மூடியை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடம். இல்லாவிட்டால் கல்லும் சிமென்ட்டும் விழுந்து அடைத்துக்கொள்ளும். அன்று மேல்மாடிக் குளியலறையில் ஆபீசர் தனியாக இருந்தார். மூடியும் கையில் இருந்தது. ஆனால் பேச்சுக்கு எதிரே ஒரு முகம் வேண்டுமே? மூடி வட்டமாக, கொஞ்சம் கோபமாக, முதலாளியம்மா மாதிரியே இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அதைச் சுவரோரம் நிறுத்திவைத்துவிட்டு, அதற்கு எதிரே குழாயின் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்தார்.

முதலில் "மூடியம்மா" என்று அதைக் கூப்பிட்டு, தன் குரலில் இரண்டு மடங்கு கேட்டார். அப்புறம் முதலாளியம்மா குரலில் செருமி, "பார்ப்போம், பார்ப்போம்" என்றார். அது அவ்வளவு கச்சிதமாக வந்ததில் ஒரு கலைஞனின் கர்வம் வந்துவிட்டது. இன்னும் நாலு தடவை செருமினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அம்மா கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு யோசனை வந்து, அதையும் நடித்துப் பார்த்தார்.

"சரிம்மா, கும்பிடறேன், ஒன்னரை குடுங்க. அதுவும் முடியலைன்னா ஒன்னேகாலாவது குடுங்க. வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க" என்று மூடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மேலே ஒருவர் தும்மினால் கீழே இருப்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்வார், திறந்த குழாய் அப்படிக் கடத்தும். மூன்று வருஷம் குழாயோடு குடித்தனம் நடத்திய மனிதருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். சுண்டெலியை அவரே இரண்டு தடவை எச்சரித்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து முதலாளியம்மா கீழே இருந்து சுண்டெலியை முதலில் கூப்பிட்டார். அவள் படியிறங்கிப் போன வேகத்தைவிட ஏறி வந்த வேகம் அதிகம். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கையிலிருந்த ரெஞ்சைத் தரையில் போட்டாள்.

"ஒன்னேகால்தானாம் அண்ணே. அந்தச் சம்பளத்துக்கே கும்பிட்டு வர ஆள் இருக்காம். நான் ஊரெல்லாம் விசாரிச்சிட்டுத்தான் வந்தேன், லைசென்ஸ் எடுத்த புதுசுக்கு எங்கயும் ஒன்னரைக்குக் கீழ இல்ல. எந்த முட்டாள் அண்ணே அது?"

ஆபீசருக்கும் ரத்தம் கொதித்தது. மானங்கெட்டவன், முதுகெலும்பில்லாதவன், இவனால்தான் தொழிலே நாசமாகிறது என்று அவளைவிட ஒரு படி மேலே போய்த் திட்டினார். 'கும்பிட்டு' என்ற வார்த்தை அவர் மண்டைக்குள் போய்ச் சேர அவ்வளவு நேரம் பிடித்தது. சுவரோரம் நின்ற மூடியைப் பார்த்தார். 'ஆ'வென்று திறந்து கிடந்த குழாயைப் பார்த்தார். அந்த முட்டாள் யார் என்று புரிந்தது.

அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்பது சாக்கு, வெட்கம் என்பதுதான் உண்மை. மூடியைக் குழாயில் மாட்டினார், இப்போதாவது. பிறகு கீழே போனார்.

முதலாளியம்மா தரைத்தளத்துக் குளியலறையில், குழாய் வந்து இறங்குகிற மூலையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். மகாராணி மாதிரி.

"வாங்க ஆபீசர். மூடி என்ன சொல்லிச்சு?"

பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. அது காங்கிரீட் தளம், பிளக்க வழியில்லை. முதலாளியம்மா செருமினார். நிஜச் செருமலைவிடத் தான் செருமினதுதான் அசல் மாதிரி இருந்தது என்று அந்த நேரத்திலும் ஆபீசருக்குத் தோன்றியது, பாருங்கள்.

எவ்வளவு வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. ஒன்றேகால், நாளையிலிருந்து, அந்தப் பெண்ணும் அதற்கு வந்துவிடுவாள் என்று முடித்துவிட்டார். ஆபீசருடைய கழுத்து அவரைக் கேட்காமலே தலையாட்ட ஆரம்பித்தது. பாதி ஆட்டத்தில், மேலே ரெஞ்சு தரையில் விழுந்த சத்தம் காதில் கேட்டது போல இருந்தது. தன் பயம் தன்னோடு போகட்டும், தன் மனைவி இன்னும் கொஞ்ச காலம் நிற்பாள், அவள் நிற்கத் தெரிந்தவள். ஆனால் இவருடைய நடுக்கத்துக்கு அந்தச் சின்னப் பெண் ஏன் சம்பளத்தை இழக்க வேண்டும்? அவளுக்குப் பிறகு வருகிறவர்களும்? இனி இந்தக் கம்பெனியில் லைசென்ஸ் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் இவர் கும்பிட்ட கும்பிடுதான் கணக்கு. அதை நினைத்ததும் ஆட்டம் நின்றது.

"அது வேலைக்குக் கேட்ட சம்பளம் இல்லம்மா. என் பயத்துக்குக் கேட்டது" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "வேலைக்கு ஒன்னரை. எனக்கும், அந்தப் பொண்ணுக்கும்."

"அவளுக்காகப் பேச நீங்க யாரு?"

"அவ சம்பளத்தை வெட்டினவன் நான்தானே."

"தர முடியாதுன்னா?"

இந்தக் கேள்வி ஒத்திகையில் இல்லை. மூடி இதைக் கேட்கவே இல்லை.

"நாளைக்கு வரமாட்டேன்" என்று யாரோ சொன்னார்கள். சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அது தானென்று அவருக்குப் புரிந்தது. புரிந்தபின் கால் நடுங்கியது. நடுங்கினாலும் வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அவர் வாழ்க்கையில் இப்படி நடப்பது இதுதான் முதல் தடவை.

முதலாளியம்மா அந்தக் குழாயை ஏற இறங்கப் பார்த்தார். அவர் இளகிவிட்டார் என்று நினைக்காதீர்கள், அவர் மனதுக்குள் ஒரு கூட்டல் ஓடியது, அவ்வளவுதான். மூன்று மாடிக் கட்டடம் பாதியில் நிற்கிறது. லைசென்ஸ் உள்ள இரண்டு பேர் ஒரே நாளில் போனால், புதிதாய் வருகிறவர்கள் ஒன்றரைக்கு மேல் கேட்பார்கள். அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் மூடி மாட்டாததற்காக ஆபீசரைக் கிழி கிழி என்று கிழித்தார். உள்ளே ஒரு கல் விழுந்திருந்தால் தளத்தையே உடைக்க வேண்டும், அப்போது ஒன்றரை என்ன, அரைகூடக் கிடையாது என்றார். ஆபீசர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார், ஏனென்றால் எல்லாம் உண்மை.

"ரெண்டு பேருக்கும் ஒன்னரை. போங்க" என்றார் கடைசியில். வாசல்வரை போனவரைத் திரும்பக் கூப்பிட்டார். "என் குரல் நிஜமா அப்படியா இருக்கு?"

பார்ப்போம், பார்ப்போம் என்று ஆபீசருக்கு நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டார்.

மேலே போய்ச் சுண்டெலியிடம் அந்த முட்டாள் யார் என்பதையும் ஒன்றரை கிடைத்ததையும் சொன்னார். நல்ல செய்தியை முதலில் சொல்லலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று முட்டாளிலிருந்தே ஆரம்பித்தார். அவள் கீழே கிடந்த ரெஞ்சை எடுத்தாள். கோபம் முழுசாகப் போகவில்லை. தன் வயசுக்காரனாக இருந்தால் அறைந்திருப்பேன் என்றாள். ஆபீசர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, அது நியாயம்தான் என்றார். இரண்டு பேரும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

இடையில் சலவைக்கூடத்துக்கு போன் போட்டு, இன்றைக்கு இரண்டாவது ஷிஃப்டுக்கு நிற்காதே, வந்துவிடு, இனிமேல் என்றைக்குமே நிற்க வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னார். அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே அவள், "நிஜமாவா?" என்றாள். நிஜம்தான் என்றார். வைத்துவிட்டாள்.

ஜன்னலில் இன்னும் வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தாள். ஆபீசர் முன்னாலேயே வந்து காத்திருந்தார். வழியெல்லாம் கதையை மனதுக்குள் செப்பனிட்டு வைத்திருந்தார். காலின் நடுக்கத்தை எடுத்துவிட்டார். குரலின் கீச்சை எடுத்துவிட்டார். முதலாளியம்மா வாளியிலிருந்து எழுந்து நின்றதாகவும் ஒரு திருத்தம் இருந்தது. மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள்.

ஆபீசர் கூடத்தின் நடுவில் நின்று ஆரம்பித்தார். குழாயைச் சொன்னார், மூடியைச் சொன்னார். இதோ வருகிறது என்று தொண்டையைச் செருமி, முதலாளியம்மாவின் குரலில் "பார்ப்போம், பார்ப்போம்" என்றார். சிரிப்பு வரவில்லை. திரும்பிப் பார்த்தார். மனைவி உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். இஸ்திரி ஆவி பட்டுப் பட்டு வெளுத்துப்போயிருந்த விரல்கள் பையின் காதைப் பிடித்தபடியே இருந்தன. மூன்று வருஷமாக இருட்டில் வந்து இருட்டில் போன முகத்தை வெளிச்சத்தில் பார்த்தார். எவ்வளவு களைத்திருக்கிறாள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்கு அழுகை வந்தது.

இன்னும் கதையில் பாதி பாக்கி இருந்தது, அதுவும் நல்ல பாதி. ஆபீசர் பையை மெல்ல அவள் விரலிலிருந்து விடுவித்துக் கீழே வைத்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் தானாக எழுந்திருக்கும்வரை வாயைத் திறக்கவில்லை.