ஒப்பீட்டு ஊரில் ஒரு விருந்து

புங்கோமா பக்கத்து அந்த ஊருக்கு ஆய்வு மாணவி நாலியாக்கா இரண்டாம் முறையாக வந்திருந்தாள். ஆய்வுக்காக மற்ற ஊர்களில், மக்காச்சோளத்துக்கு நடுவே டெஸ்மோடியம் கொடியை வளர்த்துச் சுடுமல்லிக் களையை ஒடுக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். இது ஒப்பீட்டு ஊர். இங்கே யாரும் அதைப்பற்றி வாய் திறக்கக் கூடாது. கற்றவர்கள் எவ்வளவு மாறினார்கள் என்று தெரிய, இவர்கள் பழையபடியே இருக்க வேண்டும். அவளுடைய முனைவர் பட்டம் அதில்தான் நின்றது.

விவசாயி கயெம்பாவின் வயலோரம் அவள் கால் தயங்கியது. சோள வரிசைகளுக்கு இடையே பச்சைக் கொடி படர்ந்திருந்தது. சுடுமல்லியைக் காணோம்.

"எப்படி எங்க தோட்டம்?" என்றாள் கயெம்பாவின் மனைவி நசிமியு.

"நல்லாயிருக்குக்கா." நாலியாக்கா அந்தக் கொடியையே பார்த்தபடி சொன்னாள்.

உள்ளே சோளமாவுக் களியான உகாலியும் கோழிக்குழம்பும் காத்திருந்தன. நாலியாக்கா கைக்கணினியைத் திறந்தாள். "இந்த முறைய உங்களுக்கு யாருங்கய்யா சொன்னது? வேளாண் அதிகாரியா, ரேடியோவா, பக்கத்து வயல்காரரா?"

கயெம்பா சிரித்தார். "கேக்குறதப் பாரு! நீதானம்மா சொன்ன."

"நானா?"

"போன தடவ வந்தப்ப, இப்படிப் பயிர் பண்றீங்களான்னு கேட்ட. எனக்குப் புரியல. இதே மேசையில சோளமணிய வரிசையா வெச்சு, நடுவுல கொடின்னு பீன்ஸ அடுக்கிக் காட்டின. நீ போனப்புறம் இவ அதக் கலைக்கவே விடல."

"பின்ன? விதை கெடைக்கிற வரைக்கும் இவருக்குத் தரையிலதான் சாப்பாடு."

நாலியாக்கா அந்த மேசையைப் பார்த்தாள். கேள்வி புரியட்டும் என்றுதான் அடுக்கினாள். கேட்பது வேறு, சொல்லித் தருவது வேறு என்று நம்பியிருந்தாள். திரையில் 'பக்கத்து வயல்காரர்' என்பதைத் தொட்டால் யாருக்கும் தெரியாது. உண்மையைப் பதிந்தால் இந்த ஊரையே கணக்கிலிருந்து நீக்குவார்கள், பட்டம் தள்ளிப்போகும்.

கயெம்பா குழம்பைத் துழாவி, கோழியின் இரைப்பையை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அந்த ஊர் வழக்கத்தில் வீட்டு ஆண் தவிர வேறு யாரும் தொடாத துண்டு அது.

"ஐயா, இது உங்களோடது..."

"தின்னும்மா. இந்த வருஷம் நாங்க சோளம் வாங்கல. வித்தோம்."

"எனக்கு ஒரு நாளும் கண்ணுல காட்டல இந்த மனுஷன்," என்றாள் நசிமியு.

நாலியாக்கா அதை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை நசிமியுவின் தட்டில் வைத்தாள். கயெம்பா எதையும் பார்க்காதவர்போல அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேள்வி கேட்டதற்காக அவளுக்கு இதுவரை யாரும் நன்றி சொன்னதில்லை. தன் பாதியை மெதுவாக மென்று முடித்தாள். பிறகு, குழம்பு படாத இடது கை விரலால் 'மற்றவர்' என்பதைத் தொட்டு, எழுதினாள்: ஆய்வுக்கு வந்த பெண்.