மிச்சச் சட்டி

எங்கள் தெருவில் எல்லாரும் ராத்திரி படுத்ததும் கலைந்துவிடுவோம். விடிந்ததும் கட்டட ஆட்கள் வந்து எங்கள் உடம்பை மறுபடி கட்டுவார்கள். தலையில் ஆரம்பித்துக் கீழே கட்டிக்கொண்டு வருவது வழக்கம்.

என் மகள் பவுனுக்கு ஒன்பது வயது. முப்பத்தொன்பது நாளாக அவள் கட்டடம் இடுப்போடு நிற்கிறது. நாற்பது நாளில் முடியாத கட்டடத்தை இடித்துவிடுவார்கள். இன்று நாற்பதாவது நாள். மாலை நான்கு மணிக்கு இடிக்க வருவதாக அவள் நெற்றியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

"அப்பா, அரிக்குது. கிழிச்சிடவா?"

"கவர்மெண்ட் நோட்டீசு. கிழிக்கக் கூடாது."

ஏகாம்பரம் மேஸ்திரி அவளைக் கட்டும் அளவு எழுதிய சீட்டைக் கையில் எடுத்தார். அவர் வரி வரியாகப் படிப்பார். ஆட்கள் சாரத்தில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றுவார்கள்.

"தோள் ரெண்டு சட்டி. நெஞ்சு நாலு. வயிறு மூணு. போதும்."

எல்லாரும் சட்டியை இறக்கிவிட்டு பீடி பற்றவைத்தார்கள்.

"அதைத் தாண்டிப் படிங்க மேஸ்திரி. கீழ தொடை இருக்குது, பாதம் இருக்குது. எல்லாம் எழுதியிருக்குது பாருங்க," என்றேன்.

"இருக்குது. அதுக்கு முன்ன போதும்னும் இருக்குதே. நான் படிக்கிறவன்டா. எழுதுனவன் இல்ல."

"எழுதுனது யாரு?"

"உன் வழியாத்தான் வந்திருக்குது."

நான் முப்பது வருடம் மூட்டை தூக்கியவன். 'போதும்' என்ற சொல்லை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டது உள்ளேயே தங்கி அவள் சீட்டுக்குப் போய்விட்டது போலிருக்கிறது.

பிழை அலுவலகத்துக்குப் போனேன். அதன் நடைபாதை நடக்க நடக்க நீளும். ஒரு மணி நேரம் நடந்தேன். பிறகு கால் வலித்து நின்றேன். நடைபாதை சுருங்கி, குமாஸ்தா அம்மாவின் மேசை என் வயிற்றில் வந்து இடித்தது.

"உயிரோட இருக்கிறதுக்குச் சான்றிதழ்?"

"நேர்ல வந்திருக்கேனே, அம்மா."

"வந்தது சரி. சான்றிதழ்?"

காய்த்துப்போன உள்ளங்கையை மேசைமேல் வைத்தேன். அதன்மேல் முத்திரை குத்தினார்.

"எம் மவ சீட்டுல ஒரு பிழை இருக்குதும்மா. எடுத்துடணும்."

"எடுக்கிற பிரிவை மூடியாச்சு. சேர்க்கிற பிரிவுதான் இருக்கு. இன்னொரு பிழை தரலாம்."

"இருக்கிற ஒண்ணையே தாங்க முடியல."

"அது சீட்டுல இருக்கு. இது கை மாத்துற இடத்துல. ரெண்டும் சேர்ந்தா சில சமயம் சரியாப் போயிடும்."

"போகலன்னா?"

"அதுக்குத் தனி மனு."

ஒரு தாளில் பெயர் எழுதித் தந்தார். சின்னபாப்பா.

சின்னபாப்பாவை எந்த மேஸ்திரியும் வேலைக்குச் சேர்ப்பதில்லை. அவளுக்கு மற்றதெல்லாம் கேட்கும். 'போதும்' என்ற சொல் மட்டும் காதில் விழாது. ஒரு கக்கூசின்மேல் பதினோரு அடி கனத்துக்குத் தளம் போட்டவள். நான் போனபோது சோற்றுக்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நேற்று உட்கார்ந்தவள்.

"யக்கா, ஒரு வேலை இருக்குது."

"எனக்கா? உன்ன எந்த மாடு முட்டுச்சி?"

"எம் பொண்ணுக்கு."

அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது மூன்றரை மணி.

"இவளா?" என்றார் மேஸ்திரி. "உட்டா வானத்துக்கே தளம் போட்டுடுவாளே."

"போட்டா ஒழுவாம இருக்கும்," என்று சின்னபாப்பா வரிசையில் நின்றாள்.

மேஸ்திரி மறுபடி படித்தார். "வயிறு மூணு. போதும்." எல்லாரும் சட்டியை இறக்கினார்கள். சின்னபாப்பா அடுத்த சட்டியை நீட்டினாள்.

கைக்கு வந்த சட்டியைத் திருப்பக் கூடாது. அது எங்கள் வேலையில் சட்டம். பக்கத்து ஆள் பீடியைத் துப்பிவிட்டு வாங்கினான். சட்டி நகர்ந்துவிட்டதால் மேஸ்திரி அடுத்த வரியைப் படிக்க வேண்டியதாயிற்று.

"தொடை நாலு."

முழங்கால் வந்தது. கெண்டைக்கால் வந்தது. பாதம் வந்தது. பவுனு விரல்களை அசைத்துப் பார்த்தாள். பத்தும் இருந்தன.

"போதும்," என்றார் மேஸ்திரி. சீட்டு முடிந்துவிட்டது.

சின்னபாப்பா அடுத்த சட்டியை நீட்டினாள்.

பதினோராவது விரல் முளைத்தது.

"யக்கா, போதும்," என்றேன்.

"இன்னா சொல்ற? ஒண்ணும் கேக்கல."

"அப்பா," என்றாள் பவுனு, "கால் ரொம்ப வருது."

நான் ஓடிப்போய்க் கடைசி ஆளுக்கும் பவுனுக்கும் நடுவில் நின்றேன். வந்த சட்டியை வாங்கினேன். எனக்கு அடுத்து ஆள் இல்லை. திருப்பவும் கூடாது. வந்த ஒவ்வொரு சட்டியையும் என் காலடியிலேயே கொட்டிக்கொண்டேன்.

"நீ போ."

"பதினோரு வெரல் இருக்குதேப்பா."

"செருப்புக்குள்ள மடக்கிக்கோ."

பவுனு மூன்று எட்டு வைத்து விழுந்தாள். எழுந்து நடந்தாள்.

நான்கு மணிக்கு இடிக்கிறவர் கடப்பாரையோடு வந்தார். பவுனை நிறுத்தி டேப் வைத்து அளந்தார். விரல்களை எண்ணவில்லை. "இது முடிஞ்சிடுச்சி," என்று நெற்றியிலிருந்த நோட்டீஸை உரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். கலவை என் இடுப்புவரை இறுகியிருந்தது.

"இது யாரு கட்டடம்? சீட்டு எங்க?"

"சீட்டு இல்லீங்க."

"எப்ப முடியும்?"

நான் சின்னபாப்பாவைப் பார்த்தேன். அவள் அடுத்ததைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் நோட்டீஸின் பின்பக்கம் எச்சில் தொட்டு என் நெற்றியில் ஒட்டினார். அதன்மேல் 'முதல் நாள்' என்று எழுதினார்.

"அரிச்சா கிழிச்சிடாதீங்க," என்றார்.

பவுனு தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தாள். இங்கே வராதே என்று கையை ஆட்ட நினைத்தேன். இரண்டு கையிலும் சட்டி இருந்தது.