பத்தொன்பதாம் நம்பர் சீட்

எங்கள் மினிபஸ்ஸில் ஒரு சீட் காலியாக இருக்கும்வரை, அது பேருந்து நிலையத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். முதலாளி அப்படித்தான் தாளில் எழுதி டிரைவர் தலைக்கு மேலே ஒட்டியிருந்தார். நடுவில் நிறுத்தி ஆள் ஏற்றலாம் என்று எழுத மறந்துவிட்டார். டீசல் தீரும் என்றும் எழுதவில்லை. அதனால் தீரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏறினோம். இன்று வெள்ளி. பர்வீன் அக்காவுக்குப் பத்து மணிக்குப் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பிராக்டிகல். விட்டால் ஒரு வருஷம் போச்சு. எங்கள் அத்தா தினமும் மதியம் வண்டி கூடவே ஓடிவந்து ஜன்னல் வழியாகத் தூக்குச்சட்டியை நீட்டுவார். மகள் படிக்கிறாளா என்று மூச்சிரைக்கக் கேட்பார்.

ஒவ்வொரு சுற்று முடிவிலும் கண்டக்டர் செல்லையா அண்ணன் எட்டிப் பார்ப்பார். அக்காவுக்குப் பக்கத்தில் பத்தொன்பதாம் நம்பர் காலி. விசில் அடிப்பார். வண்டி மறுபடி சுற்றும். புதன்கிழமை யாரோ அதில் துண்டு போட்டு வைத்தார்கள். துண்டு ஆள் இல்லை என்று அவர் மடித்துக் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பொழுது போனது. கடைசி சீட்டில் இருந்தபடி எல்லாக் குரலிலும் பேசினேன். அறிவிப்புப் பெண்மணி குரலில் மதுரை வண்டியை ரத்து செய்தேன். ஹாரன் போலக் கத்தி இரண்டு ஆட்டோக்களை ஒதுக்கினேன்.

ஒன்பதே காலுக்கு அக்கா திரும்பிப் பார்த்தாள். "டேய், அந்த சீட் நிரம்பினாத்தான்டா இந்தச் சுத்து முடியும். ஏதாவது பண்ணு."

செல்லையா அண்ணன் எட்டிப் பார்த்தபோது, எங்கள் தலைமை ஆசிரியர் குரலைப் பத்தொன்பதில் உட்கார வைத்தேன். "ஆள் இருக்கேன்ல? வண்டிய எடுப்பா."

"சரிங்க சார்" என்று டிக்கெட் கிழித்து சீட்டின் மேல் வைத்தார். வண்டி வட்டத்தைவிட்டு வெளியேறியது. யாரும் கைதட்டவில்லை.

பாலிடெக்னிக் வாசலில் மணி ஒன்பது ஐம்பது. அக்கா எழுந்தாள். செல்லையா அண்ணன் தாளின் இரண்டாவது வரியைக் காட்டினார்: பக்கத்து சீட்காரர் இறங்கிய பிறகே ஜன்னலோரத்துக்காரர் இறங்க வேண்டும்.

"சார், கொஞ்சம் இறங்கிக்கிடுங்க. பாப்பாவுக்குப் பரீட்சை."

"இறங்குறேன், இறங்குறேன்" என்றேன், அதே குரலில். குரல் படி வரைக்கும் போனது. அங்கே என் வாயைவிட்டுக் கீழே குதித்தது. பின்னாலேயே அக்கா இறங்கி ஓடினாள். நல்லா எழுதுக்கா என்று கத்த வாயைத் திறந்தேன். ஹாரன்தான் வந்தது. அந்தக் குரல் போகிற போக்கில் என்னுடையதையும் கையோடு கூட்டிப்போயிருந்தது.

செல்லையா அண்ணன் எட்டிப் பார்த்தார். இரண்டு சீட் காலி. விசில் அடித்தார். வண்டி பேருந்து நிலையத்துக்குத் திரும்பியது.

சாயங்காலம் அக்கா டீக்கடை ஓரமாக நின்றிருந்தாள். முதல் சுற்றில், "நல்லா பண்ணிட்டேன்டா" என்றாள். நான் தலையாட்டுவதற்குள் கடந்துவிட்டோம்.

இரண்டாவது சுற்றில், "உன் குரலும் பக்கத்துல உக்காந்து எழுதுச்சு."

மூன்றாவது சுற்றுக்கு வெகுநேரம் ஆனது. வழியில் மாடு படுத்திருந்தது. அக்காவே ஜன்னலோரம் நடந்து வந்தாள்.

"அதுக்குத்தான் முதல் மார்க். நாளைக்கு அத்தாவைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

நான் இரண்டு முறை ஹாரன் அடித்தேன். மாடு எழுந்து வழிவிட்டது.