ஆளைக் கூட்டிக்கினு வாங்க

"ஜெயில் வேன் வராதும்மா. இனிமே எல்லாம் டிவியிலதான்" என்று கோர்ட் வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சொன்னபோது தேன்மொழிக்கு முதலில் புரியவில்லை. ஆந்திரா எல்லையில் நாகலாபுரத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். போன வாய்தாவுக்கு அவள் புருஷன் சிரஞ்சீவியை இதே வாசலில்தான் இறக்கினார்கள். கூட வந்த போலீஸ்காரர் நல்ல மனுஷர். புங்க மரத்தடியில் உட்கார்ந்து பேச விட்டார். பேசுவதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அதற்குத்தான் இன்றைக்கும் வேலைக்குப் போகாமல் வந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

சிரஞ்சீவி ராத்திரியில் திருட்டு மணல் டிராக்டர் ஓட்டினான். டிராக்டர் ரங்கையாவுடையது, மணலை விற்றதும் ரங்கையா. பிடிபட்டபோது கேஸில் ஓட்டினவன் பெயர் மட்டும்தான் ஏறியது; அதிலும் போலீஸ் மேல் வண்டியை ஏற்றப் பார்த்தான் என்று சேர்த்து எழுதிவிட்டார்கள். மறுநாளே ரங்கையா வீட்டுக்கு வந்து, "வக்கீல நானே வெக்கறேன், நீ கவலப்படாத" என்றார். கும்பிட்டாளே, அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிட்டாளே! அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உள்ளங்கை எரிந்தது. வக்கீல் ஹரிபாபு திருப்பதியில் பெயில் மனு போட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு தடவைகூடச் சிறைக்குப் போய் அவனைப் பார்க்கவில்லை.

கோர்ட்டுக்குள் சுவரில் பெரிய டிவி. பெயரைக் கூப்பிட்டதும் அதில் சிரஞ்சீவி வந்தான், பிளாஸ்டிக் நாற்காலியில், தோள் ஒரு பக்கம் சரிந்து. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. வெளிச்சம் சரியில்லையோ என்று அவள் முன் பெஞ்சுக்கு நகர்ந்து பார்த்தாள். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

ஏதாவது புகார் உண்டா, யாராவது அடித்தார்களா என்று நீதிபதி எல்லாரிடமும் கேட்பதுபோலத் தெலுங்கில் கேட்டார். சிரஞ்சீவியின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. கேமராவுக்குக் கிட்டே குனிந்து மறுபடி சொன்னான். குமாஸ்தா ரிமோட்டை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அப்போது ஹரிபாபு எழுந்து, "கம்ப்ளைன்ட் ஏமீ லேது சார்", புகார் எதுவும் இல்லை என்றார், அவன் சொன்னதைக் காதில் வாங்கியவர்போல. டிவியில் சிரஞ்சீவி இடது கையைத் தூக்கினான். விரல்கள் மடங்கவில்லை. ஓரத்திலிருந்து காக்கிக் கை ஒன்று வந்து அதை மெதுவாகக் கீழே இறக்கியது.

"சார், அது பொய்."

தன் குரல்தான் என்று அவளுக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. "கூர்ச்சோம்மா" என்று ஹரிபாபு பல்லைக் கடித்தார்.

"உக்கார மாட்டேன். நீங்க ரங்கையா வெச்ச வக்கீலு. எங்க ஊட்டுக்காரரு பேசிக்கினுதான் இருக்காரு சார், உங்களுக்குத்தான் கேக்கல. மணலு யாருதுன்னு அவரு சொல்லிடக் கூடாதுன்னு அடிச்சிருக்காங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "சத்தம் போடாதம்மா. ஜெயில் டாக்டர்கிட்ட ரிப்போர்ட் கேக்கறேன்" என்றார்.

"ரிப்போர்ட்ட அவங்கதான சார் எழுதுவாங்க? ஆளைக் கூட்டிக்கினு வாங்க."

பெண் கான்ஸ்டபிள் வந்து அவள் தோளைத் தொட்டாள். தேன்மொழி பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்தாள். நீதிபதி டிவியைத் திரும்பிப் பார்த்தார். படமே போயிருந்தது, கறுப்பாக. லைன் கட்டாகிவிட்டது என்றார் குமாஸ்தா. நாளைக் காலை ஆளை நேரில் கொண்டுவர வேண்டும் என்று நீதிபதி சொல்லி, எழுதத் தொடங்கினார். ஹரிபாபு போனை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

யாருக்குப் போன் போடப் போகிறார் என்று அவளுக்குத் தெரியாதா? நாளைக் காலைக்குள் ஒரு முழு ராத்திரி இருக்கிறது. அந்த ராத்திரி அவன் அவர்கள் கையில்தான்.

"இன்னிக்கே சார்" என்றாள். இந்தத் தடவை சத்தம் போடவில்லை.

நீதிபதி நிமிர்ந்தபோது டிவியில் படம் திரும்பியிருந்தது. சிறை அறை. பிளாஸ்டிக் நாற்காலி சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் சிரஞ்சீவியின் ஒற்றைச் செருப்பு. அறையில் யாரும் இல்லை. அவர் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது.