மாமரத்து நிழலில் காகிதப்பூ

நர்சரியில் மைமூன் காகிதப்பூச் செடியின் முன்னால் நின்றுவிட்டாள். ஸைஃப் மணி பிளாண்ட் தொட்டிகளை விட்டு நகராமல் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிங்கப்பூர் ஈசூனில் அவர்களுடைய தரைவீட்டுக்கும் ஸைஃபின் அண்ணன் அஹ்சன் வீட்டுக்கும் நடுவே இருப்பது வெறும் கம்பி வேலி. மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த பிறகுதான் அண்ணனிடம் சொன்னார்கள். நிக்காஹ் அன்று அவர் வரவில்லை. இந்தப் பக்கம் விருந்தாளிகள் நிறைந்திருக்க, அந்தப் பக்கம் குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பெருநாளுக்குள் அந்த வேலி செடி படர்ந்து மறைய வேண்டும் என்று மைமூன் சொல்லிவிட்டாள்.

பேச்சு நின்றுவிட்டது. ஆனால் காலையில் துணி காயப்போடும்போது அண்ணனின் முகம் கம்பிகளுக்கிடையே தெரியும். அதுவும் போனால், பிறகு பேச்சைத் தொடங்க வழியே இராது என்று ஸைஃப் பயந்தான்.

வேலி முழுக்க அண்ணன் வீட்டு மாமரத்தின் நிழல். நிழலில் எது படரும் என்று அவனுக்குத் தெரியும். மணி பிளாண்டைக் கம்பியில் கட்டிவிட்டால் போதும். கணுவுக்குக் கணு வேர்விட்டு ஏறும், ஏற ஏற இலை அகலும், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அகன்ற இலையால் பிடித்துக்கொள்ளும். காகிதப்பூ அப்படியில்லை. நிழலில் அது வெயிலைத் தேடித் தண்டை மட்டும் நீட்டும். இலைகள் விலகி விலகி வரும். பூக்காது. எதையும் மறைக்காது.

"ஏங்க, இது நிழல்ல வருமா?"

"வரும்."

மைமூன் திரும்பினாள். "அவ்வளவுதானா? ரைஸ் குக்கர் வாங்கப் போனாலே அரை மணி நேரம் லெக்சர் குடுப்பீங்க."

"நல்லா வரும்லா. எடு."

நட்டார்கள். நோன்பு மாதமும் பிறந்தது. செடி ஒல்லியாக நீண்டது. அண்ணனின் முகம் முன்போலவே தெரிந்தது. மைமூன் உரத்தை மாற்றிப் பார்த்தாள். ஸைஃப் உரப்பையைப் பிரித்துக் கொடுத்தான்.

ஒரு சனிக்கிழமை காலை ரம்பச் சத்தம் கேட்டு இருவரும் வெளியே வந்தார்கள். அஹ்சன் ஏணியில் நின்று, வேலிக்கு மேலே கவிந்திருந்த கிளையை அறுத்துக்கொண்டிருந்தார். கீழே பார்க்காமலே பேசினார்.

"காகிதப்பூவுக்கு வெயில் வேணும்மா. அவனுக்குத் தெரியுமே, சொல்லலையா?"

கல்யாணத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு. மைமூன் கணவன் பக்கம் திரும்பினாள். கிளை முறிந்து சரிந்தது. திடீரென்று விழுந்த வெயிலில் அவள் கண்ணைச் சுருக்கினாள், பார்வையை எடுக்காமல்.