மாமியாரின் பெட்டி

தக்காளிக்கு அடியில் பணம் இருந்ததால், அர்கிரோ பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு கல்லறை மேட்டில் ஏறினாள். மெல்போர்னில் முப்பது வருடம் மீன் பொரித்து விற்ற தம்பி, கல்யாணமும் கட்டாமல் செத்துப்போய், அக்காவுக்கு விட்டுப்போன நாற்பதாயிரம் யூரோ. கிரீஸ் முழுக்க வங்கிகள் இழுத்து மூடப்படுவதற்கு முந்தின வாரம் பதறியடித்து வெளியே எடுத்துவிட்டாள். எடுத்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று. மெத்தை, மாவு டப்பா, கோழிக்கூடு என்று யோசிக்காத இடமில்லை. திருடனும் அந்த வரிசையில்தானே யோசிப்பான்?

"தெருக்கோடி வீட்டுல ஃப்ரிட்ஜக்கூட விடலயாம் அர்கிரோக்கா. மீன் வயித்தக் கிழிச்சுப் பாத்திருக்கானுங்க," என்று பக்கத்து வீட்டு மரிகோ காலையில் வேறு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

மகள் பெவ்ரோனியாவிடம் கொடுத்துவிடலாம்தான். பாத்ராவில் ரொட்டிக்கடை போட அடுப்பு வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்கிறாள். "உனக்கு உங்கப்பன் கை. ஓட்டைக் கை. குடுத்தாக் கரைஞ்சுடும்," என்று சொல்லி போனை வைத்துவிட்டாள் அர்கிரோ. அவள் சீதனமாகக் கொண்டுவந்த ஒலிவத் தோப்பைத்தான் கணவன் ஸ்த்ராதிஸ் விற்றான். பணம் எங்கே என்றால், "பத்திரமா இருக்கு. உங்கிட்டச் சொன்னா ஊருக்கே தெரிஞ்சுடும்," என்பான். சீட்டாட்டத்தில் விட்டான் என்று ஊர் சொன்னது. அவளும் அதையே நம்பினாள், அவன் செத்த பிறகும்.

எலும்பறையில் யாருமில்லை. மூன்று வருடம் மண்ணில் கிடந்தபின் எலும்பைத் தோண்டி, மதுவில் கழுவி, தகரப் பெட்டியில் பூட்டி இங்கே தட்டில் ஏற்றிவிட்டால், பிறகு விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதோடு சரி, யாரும் திறப்பதில்லை. ஸ்த்ராதிஸின் பெட்டியும் அவன் அம்மாவின் பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அர்கிரோ மாமியாரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். உயிரோடு இருந்தபோது ரொட்டி டப்பாவுக்கே பூட்டுப் போட்ட மனுஷி.

"அத்தே, இதக் கொஞ்ச நாள் வச்சிருங்க. யாருக்கும் எதுவும் குடுக்காதவங்கதானே நீங்க."

துருவேறிய பூட்டு எண்ணெய் விட்டபின் திறந்தது. எலும்புகளின் மேல் ஒரு பொட்டலம் இருந்தது. நீலப் பூப்போட்ட பிளாஸ்டிக் துணி. அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசை விரிப்பு. தோப்பு விற்ற வருடம் அதன் மூலையை வெட்டியது நீதானே என்று பெவ்ரோனியாவைப் போட்டு அடித்தது நினைவுக்கு வந்தது. விரித்தாள். கட்டுக் கட்டாக திராக்மா நோட்டுகள், யூரோ வருவதற்கு முன் நாட்டில் ஓடிய பழைய பணம். தோப்பு முழுசாக அதில் இருந்தது.

அந்த நோட்டை யூரோவாக மாற்றுவதற்கான கடைசித் தேதி போயே மூன்று வருடமாகிறது. கடைக்காரன் பார்த்தால் சிரிப்பான்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோப்பை விற்ற சில மாதங்களிலேயே வாதம் அடித்து, பேச்சு போய், ஆஸ்பத்திரியில் ஸ்த்ராதிஸ் கிடந்த நாட்களில் இடது கையால் ஜன்னலுக்கு வெளியே இந்த மேட்டு சைப்ரஸ் மரங்களையே காட்டிக்கொண்டிருந்தான். "சரி, உங்கம்மா பக்கத்துலயே வைக்கிறேன். எத்தன தடவ சொல்றது?" என்று அவள் எரிந்து விழுந்தாள். அவன் கண்ணில் நீர் வழிந்தது. சாவுக்குப் பயப்படுகிறான் என்று நினைத்துத் துடைத்துவிட்டாள்.

"ஐயோ ஸ்த்ராதி," என்று வாய்விட்டு அழுதாள். பதினான்கு வருடமாக அந்த மனுஷனைச் சூதாடி என்று சொல்லி வந்திருக்கிறாள், பெற்ற மகளிடம்கூட.

அழுது ஓய்ந்ததும் பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டினாள். தக்காளிப் பை மடியிலேயே இருந்தது. போனை எடுத்தாள்.

"அந்த அடுப்பு என்ன வெலன்னு சொன்னே?"

"என்னம்மா, அழுறியா?"

"வெலயச் சொல்லுடி."

பெவ்ரோனியா தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். அர்கிரோ போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு விளக்குக்கும் என்று கொண்டுவந்த எண்ணெயைக் கணவனின் விளக்கில் ஊற்றினாள். அது நிறைந்து, வழிந்து, தட்டின் விளிம்பில் சொட்டத் தொடங்கிய பிறகும் அவள் புட்டியை நிமிர்த்தவில்லை.